கை காட்டினால் நிற்கும்

சொல்லாமல் விட்டுவிட்டோமே, ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று தில்லைக்கண்ணு அந்தச் சின்னப் பிளாட்பாரத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். சொல்ல வேண்டியது வேதாந்தம் ஒன்றும் இல்லை. அபரஞ்சி, இந்த ஊரில் ரயில் தானாக நிற்காது, ஏறின உடனே கார்டிடம் இறங்கவேண்டிய ஊரைச் சொல்லிவிடு, அவர் சொன்னால்தான் நிறுத்துவார்கள். அவ்வளவுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லியிருக்கலாம். மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை வேளை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாயிற்று, ரசத்தில் உப்பு குறைச்சல் என்று சொல்ல வாய் வந்தது, இதற்கு வரவில்லை. இப்போது அபரஞ்சி ரயிலில் இருக்கிறாள். இவர் ஏற்றிவிடாமல் அவள் ரயில் ஏறியதே இல்லை, இன்று ஏறியிருக்கிறாள், அதுவும் இங்கிலாந்தில், பாஷை தெரியாத ஊரில். காலையில் மகள் மணிமொழிதான் அவளைத் தன் காரில் டவுனுக்கு அழைத்துப் போனாள். மணிமொழி அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரிக்கு எதிரே இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார், முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அபரஞ்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டூட்டி முடிந்ததும் தாயும் மகளும் காரிலேயே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நடந்தது வேறு. சற்று முன்னால் மணிமொழி போன் பண்ணினாள். "அப்பா, டூட்டிய நீட்டிட்டாங்க. அம்மாவ ரயில் ஏத்தி விட்டுட்டேன், நீங்க ஸ்டேஷன்ல போயி கூட்டிக்கிட்டு வந்துருங்க. நான் வார்டுக்குள்ள போறேன், போன ஆஃப் பண்ணிருவேன்." இவர் சரிம்மா என்றார். சமர்த்தாகச் சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கோட்டில் ஒரு கையை நுழைத்து, மறு கையை நுழைக்கத் தேடும்போதுதான் அது உறைத்தது. மகளைக் கூப்பிட்டால் போன் அடங்கிவிட்டது. அபரஞ்சியைக் கூப்பிட்டால் அடுப்படியில் குக்கருக்குப் பக்கத்தில் மணி அடிக்கிறது, மகராசி சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மகளைக் குறை சொல்ல முடியாது. காரிலேயே போய்க் காரிலேயே வருகிறவளுக்கு ரயில் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்று யார் சொல்வது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆசாமி தில்லைக்கண்ணுதான். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வயல்வரப்பு மாதிரி இருக்கிற அந்தச் சந்து வழியே நடந்து இங்கே வந்துவிடுவார். வேறெங்கே போவார், எல்டர்பெக் என்கிற இந்தச் சின்ன ஊரில் ஒரு மாதாகோயில், ஒரு சாராயக்கடை, ஒரு ஸ்டேஷன், முதல் இரண்டிலும் இவருக்கு வேலையில்லை. ஸ்டேஷன் என்று சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். ஒரே தண்டவாளம், ஒரே பிளாட்பாரம், மழைக்கு ஒதுங்க ஒரு கண்ணாடிக் கொட்டகை, ஒரு விளக்கு, இரண்டு பூத்தொட்டி. டிக்கெட் கொடுக்க ஆள் இல்லை, கொடி காட்ட ஆள் இல்லை, கூட்டிப் பெருக்கக்கூட ஆள் இல்லை, ஊர்க்காரர்கள்தான் முறைபோட்டுக்கொண்டு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பெரிய டவுனுக்கும் கடலோரத்துக்கும் நடுவே ஒற்றைப் பெட்டி ரயில் ஒன்று போகும், வரும், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம் குந்தியிருக்க வேண்டியதுதான், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அதுவும் கிடையாது. ஆனால் இது வாழ்ந்து கெட்ட ஸ்டேஷன். கொட்டகைக்குள் பழைய படங்களோடு ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள், ரயில்வேயில் காலம் தள்ளிய இவருடைய இங்கிலீஷுக்கு அதை எழுத்துக்கூட்டி முடிக்கப் பல மத்தியானங்கள் பிடித்தன. இந்த ஊர் ஜமீன்தார் மாதிரி ஒரு பிரபு இருந்திருக்கிறார். என் நிலத்தில் தண்டவாளம் போடு, ஆனால் நான் கை காட்டினால் எந்த வண்டியும் நிற்க வேண்டும் என்று கம்பெனிக்காரனிடம் எழுதி வாங்கிக்கொண்டாராம். அவர் விருந்தாளி வருவதும் அவர் நாய்கள் வேட்டைக்குப் போவதும் இந்தப் பிளாட்பாரத்தில்தான். பிறகு சனங்கள் ஏறினார்கள், பால் கேன்கள் ஏறின, ஆட்டு மயிர் மூட்டைகள் ஏறின, ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார், போர்ட்டர் வந்தார், சிக்னல் மேடை வந்தது. படத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், நம் ஊர் மாஸ்டர்களைப் போலவே தொந்தியும் கடுப்பும். அப்புறம் பஸ் வந்தது, கார் வந்தது, இதை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் முடிவு கட்டினார்கள். ஊரே திரண்டுபோய் எதிர்த்திருக்கிறது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி போன பாதையை மூடியபோது நம் ஆட்கள் என்ன செய்தோம், கடைசி வண்டிக்கு மாலை போட்டு வழியனுப்பிவிட்டு வந்தோம், இவர்கள் விடவில்லை பார் என்று அதைப் படித்த அன்று தில்லைக்கண்ணுவுக்கு அந்த வெள்ளைக்காரச் சனங்கள் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. பாதை பிழைத்தது, ஸ்டேஷன் பிழைத்தது, மாஸ்டரும் போர்ட்டரும் பிழைக்கவில்லை. கடைசியில் ஆள் இல்லாத ஸ்டேஷனுக்கு அந்தப் பிரபுவின் ஏற்பாடே மிஞ்சியது. ஏறுகிறவர் கை காட்ட வேண்டும், இறங்குகிறவர் கார்டிடம் சொல்ல வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் வண்டி நிற்காது. இப்போது யார் கை காட்டினாலும் பிரபுதான். இதையெல்லாம் தலைகீழாகப் பாடம் பண்ணி வைத்திருக்கிற மனுஷன் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால் அதற்குப் பின்னால் ஒரு மானக்கேடு இருக்கிறது. வந்த புதிதில், பலகையைப் படிப்பதற்கெல்லாம் முன்னால், இவர் இங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒரு வண்டி வந்தது. பழக்கதோஷம் என்பது லேசான சங்கதியா. தில்லைக்கண்ணு தெற்கு ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நிற்காத வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது பாயிண்ட்ஸ்மேன் விறைப்பாக நின்று பச்சைக் கொடியைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டும், சக்கரம் சரி, பெட்டி சரி, எல்லாம் சரி, போகலாம் என்று அர்த்தம், ஆல் ரைட் காட்டுவது என்பார்கள். அன்றைக்கு வண்டியைக் கண்டதும் இவர் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது, கையில் கொடி இல்லாவிட்டால் என்ன, கை இருக்கிறதே, தோளுக்கு நேராக நீட்டிவிட்டார். போ என்று நீட்டினார், வண்டி கிறீச்சென்று நின்றுவிட்டது. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை, இவரும் ஏறவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைக்கார முகங்கள் இவரையே பார்க்கின்றன. முன்னாலிருந்து நரைத்த முடியோடு ஒரு பெண் தலையை நீட்டினாள், டிரைவராம், எங்கே போக வேண்டும் என்று கேட்டாள். இவர் நோ, நோ, ஆல் ரைட் என்றார். என்ன ஆல் ரைட் என்றாள் அவள். ஆல் ரைட், யூ கோ என்றார். ஐ ரயில்வே, இந்தியா என்றார். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, எங்களோடு வருவதானால் மட்டும் கையை நீட்டுங்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனாள். காது மடல் சுட்டது. பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரு வண்டியைக்கூடத் தாமதப்படுத்தாதவர், ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவன் நாட்டு வண்டியை வெட்டியாக நிறுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து ரயில் வந்தால் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்வார். வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா? ரயில் எந்த நாட்டில் ஓடினால் என்ன, எனக்குத் தெரியாத ரயிலா என்று விமானத்திலிருந்தே பீற்றிக்கொண்டு வந்தவர். அபரஞ்சியிடம் சொன்னால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள், சிரித்து முடித்து மாயவரத்தில் இருக்கிற தம்பி பெண்டாட்டிக்குப் போன் போடுவாள், அப்புறம் கொள்ளிடத்துக்குத் தெற்கே அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதனால் முழுங்கிவிட்டார். கை நீட்டிய கதையை முழுங்கியபோது கூடவே கார்டிடம் சொல்ல வேண்டிய கதையும் உள்ளே போய்விட்டது. வறட்டுக் கௌரவம், வேறென்ன.

குளிர் காதைப் பிய்த்தது. மத்தியானம் சாய்ந்தும் சாயாததுமாகவே இந்த ஊரில் இருட்டத் தொடங்கிவிடுகிறது, வேலிக்கு அப்பால் ஆடுகள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தன. கொட்டகைக்குப் பக்கத்தில் உதவி கேட்கிற பொத்தான் ஒன்று உண்டு, வந்த உடனேயே அதை அழுத்திப் பார்த்தாயிற்று. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. வைஃப் ட்ரெயின், நோ இங்கிலீஷ், ப்ளீஸ் ஸ்டாப் என்றார். குரல் வெகு பணிவாக, உங்கள் வண்டி சரியான நேரத்துக்கு வருகிறது என்று சொல்லி நன்றியும் சொல்லி அணைந்துவிட்டது. சரியான நேரத்துக்கு வரும், சரியான நேரத்துக்குத் தாண்டியும் போகும், அதுதானே பயம். தாண்டினால் என்ன ஆகும், கடலோரத்தில் கொண்டுபோய் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். அதே வண்டிதான் திரும்பி வரும், ரயில்காரருக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியுமா? இறங்கு என்றால் இறங்கிவிடுவாள். ஸ்வெட்டருக்கு மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு முருங்கைக்காயும் கையுமாக அந்தக் கடல் காற்றில் நிற்பாள், அங்கேயும் ஆள் இல்லாத ஸ்டேஷன்தான். யாரைக் கேட்பாள், என்னவென்று கேட்பாள்? மணிமொழி வந்து, அப்பா, அம்மா எங்கே என்றால் இவர் என்ன சொல்வார்? இது இன்றைக்கு ஒரு நாள் பயமாக இருந்தால் பரவாயில்லை. தஞ்சாவூர் டாக்டர் இவர் நெஞ்சுக்குள் குழாய் வைத்து அனுப்பியதிலிருந்து இதே பயம்தான் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. பேங்குக்குப் போனால் வருகிறது, கேஸ் சிலிண்டர் மாற்றினால் வருகிறது, அவள் குறட்டை விட்டுக்கொண்டிருக்க இவர் மட்டும் விழித்திருக்கும்போது வருகிறது. நான் இல்லாவிட்டால் இவள் என்ன செய்வாள்? மகள் இருக்கிறாள், இருக்கட்டும், மகள் வார்டுக்குள் போனால் போனை அணைத்துவிடுவாள். அபரஞ்சி ஒரு ஏமாளி, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள், ரயிலில் ஏறினால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் ஊர் வந்ததுகூடத் தெரியாது. நான் போன பிறகு இப்படித்தான் ஆகும், ஊர் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பாள், இறக்கிவிட ஆள் இருக்காது என்று நினைத்ததும் அவருக்கு அழுகை முட்டியது. யாரும் பார்க்கவில்லை, ஆடுகள் மட்டும்தான்.

அட முட்டாள், வண்டியை நிறுத்தத்தான் கை இருக்கிறதே என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. நீட்டினால் நிற்கும். நின்றால் உள்ளே தாவிப் போய் அவளை இழுத்து வந்துவிடலாம். ஒரு கணம் நெஞ்சு லேசானது, அடுத்த கணம் மறுபடி கல். ஏறாதவன் வண்டியை நிறுத்தலாமா? நம் ஊரில் காரணம் இல்லாமல் செயினைப் பிடித்து இழுத்தவனை இவரே எத்தனை தடவை காது கூச ஏசியிருக்கிறார். எங்களோடு வருவதானால் மட்டும் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். இன்றைக்கும் அவளே வந்தால்? புலி வருது கதைதான். அந்த இந்தியாக் கிழவன் மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், ஆல் ரைட்டாம் என்று ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால்? வேறு டிரைவர் வரட்டும், முருகா, வேறு யாராவது வரட்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் பொய்யாகாது, அவளோடு கடலோரம் வரை போய் அதே வண்டியில் திரும்பலாம், ஆனால் ஏறுவதற்கு முதலில் அது நிற்க வேண்டுமே. வலது கையா இடது கையா? வண்டி வலப்பக்கமிருந்து வரும், வலது கைதான் தெரியும். தூரத்தில் நீட்டினால் தெரியாது, கிட்டத்தில் நீட்டினால் பிரேக் பிடிக்க நேரம் போதாது. அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்தார், மறுபடி உள்ளே விட்டார். விரல்கள் மரத்துப்போயிருந்தன. இத்தனைக்கும் வண்டி இன்னும் வரவில்லை.

தண்டவாளம்தான் முதலில் சொன்னது. சன்னமான ஒரு ரீங்காரம், ரயில்காரன் காதுக்கு மட்டும் கேட்பது. அப்புறம் மரங்களுக்கு நடுவே ஒரு வெளிச்சம். தில்லைக்கண்ணு பிளாட்பாரத்தில் போட்டிருந்த மஞ்சள் கோட்டருகே போய் நின்று கையை நீட்டினார். அரைகுறையாக இல்லை, தோளுக்கு நேராக, முழங்கை மடங்காமல் நீட்டினார். வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. வேகம் குறைகிறதா இல்லையா, குறைகிற மாதிரிதான் இருக்கிறது, இல்லை, வளைவில் அப்படித்தான் தெரியும், எத்தனை வண்டி பார்த்திருப்பான் இந்தத் தில்லைக்கண்ணு, இந்த ஒரு வண்டி நிற்குமா நிற்காதா என்று சொல்லத் தெரியவில்லையே. கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த முடி தெரிந்தது. அவளேதான். போச்சு என்று நினைத்தார். கையை மட்டும் இறக்கவில்லை, மானம் போனால் போகட்டும், வேண்டுமானால் இன்னொரு கையையும் நீட்டுகிறேன் என்று அதையும் தூக்கிவிட்டார், பஞ்சாயத்துப் போர்டு குழாயடியில் சண்டைக்கு நிற்கிறவன் கணக்காக இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். டிரைவரின் ஜன்னல் அவரைத் தாண்டியது. பிரேக் முனகியது. பெட்டி அவர் முன்னால் ஊர்ந்து, ஊர்ந்து, நின்றேவிட்டது. முருகா, முருகா என்று இரண்டு தடவை சொன்னார்.

கதவு திறந்தது. இவர் உள்ளே தாவ வேண்டிய அவசியமே இல்லை. கதவு வாசலிலேயே அபரஞ்சி நின்றாள், ஏற்கெனவே இறங்கத் தயாராக, முக்காட்டுச் சால்வையும் அதுவுமாக. அவளுக்குப் பின்னால் ஆறடி உயரத்தில் ஒரு இளைஞன், கார்டு, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த பையைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கீழே இறங்கி, பையை வாங்கிக்கொண்டு, "வரேன் தம்பி, பாத்துப் போங்க" என்றாள். அவனும் தலையைத் தலையை ஆட்டினான். முன்னாலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, இன்றைக்காவது வருகிறீர்களா என்று கேட்டாள்.

"நோ மேடம், மை வைஃப்" என்றார் தில்லைக்கண்ணு.

அவள் அபரஞ்சியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வண்டி கடலைப் பார்த்துக் கிளம்பியது.

"எதுக்குங்க ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னீங்க? தூரத்துலேருந்து பாத்தேன். எனக்கு ஒரே பயமா போச்சு, யாருக்கு என்னா ஆச்சோன்னு" என்றாள் அபரஞ்சி.

"வண்டிய நிறுத்தத்தான். இங்க தானா நிக்காது. உனக்கு அது தெரியாதுன்னு..."

"அது நின்னிருக்குமே. நான்தான் கார்டுகிட்ட அப்பவே சொல்லிட்டேனே."

தில்லைக்கண்ணு அவளையே பார்த்தார். "கார்டுகிட்ட சொல்லணும்னு உனக்கு யாரு சொன்னது? மணிமொழியா?"

"அவளுக்கு என்னா தெரியும், ஏத்தி விட்டுட்டு ஓடிப்போயிட்டா. இதை ஒருத்தர் சொல்லணுமா? ரயில் ஏறினா கார்டுகிட்ட சொல்றதுதானே. எங்க அம்மா வீட்டுக்கு என்னை ஏத்தி விடும்போதெல்லாம் நீங்க கடைசிப் பொட்டி வரைக்கும் நடந்து போயி, நம்ம வீட்டம்மா இருக்கு, இன்ன ஊர்ல பாத்து இறக்கி விடுங்கன்னு சொல்லிட்டு வருவீங்களே. ஒரு தடவை தவறினது உண்டா? எல்லாருக்கும் அப்படித்தான், ரயிலே அப்படித்தான்னு இருந்தேன். இன்னைக்கு நீங்க இல்ல. அதான் நானே போயி சொன்னேன்."

"இங்கிலீஷ்ல சொன்னியா?"

"எல்டர்பெக்னு சொன்னேன். வீட்டுக்காரர் வந்து நிப்பாருன்னு தமிழ்லயே சொன்னேன். அந்தத் தம்பிக்கு நல்லாத்தான் புரிஞ்சுது."

எல்லாருக்குமா சொல்வார்கள். உலகத்தில் எத்தனையோ பேர் யாரிடமும் சொல்லாமல்தான் ஏறி இறங்குகிறார்கள். இவர் ஒருத்தர் செய்த அதிகப்பிரசங்கித்தனத்தை ரயில் சட்டம் என்று இவள் நம்பியிருக்கிறாள், நம்பியதை நம்பியபடி செய்திருக்கிறாள், அது சரியாகவும் போயிருக்கிறது. ஆக, ஏமாளி இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஓடுகிற வண்டியில் எழுந்து நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரனிடம் போய் நின்று, தன் ஊரைச் சொல்லியிருக்கிறாள். இவர் அங்கே இல்லாதபோது. தில்லைக்கண்ணுவுக்கு நெஞ்சுக்குள் எதுவோ இறங்கி உட்கார்ந்தது, பாரமாக இல்லை, பாரம் போய்விட்ட பிறகு வருகிற அசதி. இனிமேல் விடிய விடிய விழித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் கொஞ்சம் வலித்தது, வலித்தாலும் பரவாயில்லை, நிம்மதிதான், அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

"என்னாங்க இது, குளிர்ல நின்னதாலயா? மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் போட்டேன். ஒண்ணுமில்ல." மூக்கை உறிஞ்சினார். "நான் இல்லாட்டியும் நீ இறங்கிருவ போலருக்கு, அபரஞ்சி."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சால்வையைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டாள்.

"இறங்குவேன், இறங்காம என்னா. ஆனா இந்தப் பைய யாரு தூக்குறதாம்?" என்று அதை அவர் மார்பில் வைத்து அழுத்தினாள். "பிடிங்க."

தில்லைக்கண்ணு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.